பச்சை விழுந்த வரி

பெங்களூர்
8-7-2007

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, ஹாஸ்டல் சாம்பாரைத் தவிர. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? நீ மதியம் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, அல்லது ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடித்துக்கொண்டே டீயோடு முடித்துவிடுகிறாயா?

நான் கடிதம் எழுதுவதைப் பார்த்து ஆபீசில் ஒரே கேலி. எங்க அக்காவுக்கு ஒன்பதாவது படிக்கும்போது காய்ச்சல் வந்து காது போய்விட்டது, போன் உதவாது என்று சொன்னேன்.

அக்கா, ஒரு அதிசயம் சொல்ல வேண்டும். என்னைப் புதிதாக ஃபிளெக்ஸ் என்ற மென்பொருளில் போட்டிருக்கிறார்கள். திரையில் பட்டியல் ஒன்று வரும், வரிக்கு வரி வெறும் பெயர்தான் இருக்கும். ஆனால் 'ஐட்டம் ரெண்டரர்' என்று ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தால், ஒரு வரி எப்படித் தோன்ற வேண்டும் என்பதை நாமே முடிவு செய்யலாம். படம் வைக்கலாம், நிறம் மாற்றலாம். நான் ஒரே ஒரு வரிக்குத்தான் எழுதினேன். பட்டியலில் ஆயிரம் பேர் இருந்தார்கள். ஆயிரம் பேரும் நான் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார்கள்! மவுஸ் சக்கரத்தை உருட்டிக்கொண்டே இருந்தேன். எழுந்து போக மனமே வரவில்லை.

சிரிக்காதே. உனக்கும் இப்படி ஏதாவது செய்து தரட்டுமா?

உன் பதிலை எதிர்பார்க்கும்,
தம்பி வல்லரசு


வேங்கிக்கால்
22-7-2007

அன்புத் தம்பி வல்லரசுக்கு,

அம்மாவும் நானும் சௌக்கியம். முழங்கால் வலி வெயிலில் கம்மி, குளிரில் ஜாஸ்தி. நீ ஹாஸ்டல் சாம்பாரைத் திட்டாதே, வீட்டிலிருந்தபோது என் சாம்பாரையும் அப்படித்தான் திட்டினாய்.

ஆயிரம் பேருக்குச் சட்டை தைத்தவனே, கேட்டாயே என்று சொல்கிறேன். தீபத் திருவிழாவில் எங்கள் சேவைக் குழு, காணாமல் போனவர்களைத் தேடித்தர ஒரு பந்தல் போடுகிறது, தெரியுமல்லவா? மலையைச் சுற்றும் கிரிவலப் பாதை நெடுக, லிங்கக் கோயில்களை ஒட்டி எங்கள் கொட்டகைகள் உண்டு. தொலைந்தவர்கள் யாராவது கொட்டகையில் வந்து சேர்ந்தால் பந்தலுக்கு போன் வரும், மைக்கில் சொல்வார்கள். போன வருடம் நானும் பெயர் கொடுத்தேன். குழுத் தலைவர் சகாதேவன் ஐயா என்ன சொன்னார் தெரியுமா? "தப்பா நெனச்சுக்காதம்மா. காது கேக்காத பொண்ண முன்னாடி உக்கார வெச்சா வர்ற ஜனங்கதான் கஷ்டப்படுவாங்க. நீ தண்ணி குடு." அவர் உதட்டைப் பார்த்தே அவ்வளவும் புரிந்துகொண்டேன். அது அவருக்கு உறைக்கவில்லை.

நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றினேன். அழுதுகொண்டு வருகிறவர்களின் வாயை நானும் பார்த்தேன். மைக்குச் சத்தத்தில் காது கேட்கிறவர்களே "ஆங்? ஆங்?" என்றார்கள், எனக்கு எல்லாம் புரிந்தது. எனக்கு அந்த முன் நாற்காலி வேண்டும், வல்லரசு. வெட்கப்படாமல் கேட்கிறேன். கிடைத்தவர் பெயர் திரையில் எனக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா?

அம்மா உன்னை எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னாள்.

அக்கா,
அருணாதேவி


பெங்களூர்
2-9-2007

அன்பு அக்காவுக்கு,

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், மறக்காமல் அம்மாவிடம் சொல்லிவிடு. உடம்புக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் கொஞ்சம் கெட்டது. காரணம் நீ கேட்டது.

செய்துவிட்டேன் அக்கா! சிடி இந்தக் கடிதத்தோடு வருகிறது. பந்தலில் இரண்டு கணினிகளை ஒரு கேபிளால் இணைக்கச் சொல். ஒன்றில் கவிநிலா உட்காரட்டும். நம் தெருக்கோடி வீட்டுப் பெண்தானே, காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறாள், பிடித்துக்கொள்வாள். போனை அவள் எடுப்பாள். முன்னால் இருக்கும் கணினி உன்னுடையது. காணவில்லை என்று வருகிறவர்கள் சொல்லும் பெயர், ஊர், சேலை நிறம் எல்லாவற்றையும் நீ அடித்துக்கொள். ஆள் கிடைத்ததாக கவிநிலா பதிந்த நொடியில் உன் திரையில் அந்த வரி பச்சையாகிவிடும். எந்தக் கொட்டகை என்பதும் அதிலேயே தெரியும். வெள்ளை என்றால் இன்னும் கிடைக்கவில்லை. காதுக்கு அங்கே வேலையே இல்லை.

நம் தெரு ஆட்கள் பெயரையெல்லாம் போட்டுப் பார்த்தேன். எதிர்வீட்டு ஆதிமூலம் மாமாவைத் தொலைத்துக் கண்டுபிடித்தேன், அவருடைய வரி வாழையிலை போலப் பச்சையாகிவிட்டது. ஒரு பிழை இல்லை.

என் கையால் முடிந்ததைப் பார்த்து எனக்கே மலைப்பாக இருக்கிறது.

பாசமுள்ள தம்பி,
வல்லரசு


வேங்கிக்கால்
30-9-2007

அன்புத் தம்பிக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். உன் தூக்கம் திரும்பி வந்ததா?

பௌர்ணமி அன்று சின்னதாகப் பந்தல் போட்டு உன் பட்டியலைச் சோதித்தோம். காணாமல் போனவர்கள் ஏழெட்டுப் பேர்தான். பச்சை ஒவ்வொன்றாக விழுந்தது. என்னிடம் யாரும் எதையும் கத்திச் சொல்லவில்லை, தோளைத் தட்டவில்லை. நானாகப் பார்த்து நானாகச் சொன்னேன்: "உங்க பையன் எம லிங்கம் கொட்டகைல இருக்கான்மா, அழுவாதீங்க." அந்த அம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வல்லரசு, பதினேழு வருடமாக எல்லாச் செய்தியும் எனக்குக் கடைசியில்தான் வந்து சேரும். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு செய்தி எனக்கு முதலில் வந்தது.

சகாதேவன் ஐயா பின்னால் நின்று பார்த்தார். "சரிம்மா, தீபத்துக்கும் நீயே உக்காரு" என்றார். என்னவோ அவரே செய்தது போல முகத்தில் அப்படி ஒரு பெருமை!

தீபத்துக்கு நீ வந்துவிடு. நான் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டாமா?

உன் வரவை நினைத்திருக்கும்,
அக்கா


பெங்களூர்
15-11-2007

அன்பு அக்காவுக்கு,

உங்கள் நலத்துக்கு அண்ணாமலையார் துணை.

திட்டாதே. தீபத்துக்கு வர முடியாது, வாடிக்கையாளருக்கு அந்த வாரமே வேலையை ஒப்படைக்க வேண்டுமாம். கெஞ்சிப் பார்த்தேன், நடக்கவில்லை. மனசெல்லாம் உன் நாற்காலியிலேயே இருக்கும். ஒன்று விடாமல் எழுது.

அவசரத்தில்,
வல்லரசு


வேங்கிக்கால்
10-12-2007

அன்புத் தம்பிக்கு,

இங்கே நலம். அங்கே குளிர் அதிகமாமே, கம்பளி வாங்கிக்கொள்.

தீபம் நல்லபடியாக நடந்தது. கூட்டமென்றால் அப்படி ஒரு கூட்டம். ஈசானிய லிங்கத்திலிருந்து பார்த்தால் சாலையே தெரியவில்லை, தலைகள்தான். மலை மட்டும் அசையாமல் நின்றது, அதன் அடியில் மற்றதெல்லாம் நகர்ந்துகொண்டிருந்தது. இத்தனை பேருக்கும் ஒரு வீடு இருக்கும், வீட்டில் ஒருவர் கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மலையுச்சியில் சுடர் தெரிந்ததும் எல்லோர் வாயும் ஒரே சமயத்தில் திறந்தது. அரோகரா எனக்குக் கேட்காது, ஆனால் நெஞ்செலும்பில் வந்து இடித்தது. மேசைமேல் வைத்திருந்த தம்ளரில் தண்ணீர் நடுங்கியது. சாமி இருக்கிறதா என்று யாராவது கேட்டால் அந்தத் தம்ளரைக் காட்டுவேன்.

அம்மா உனக்கு அதிரசம் கொடுத்தனுப்ப ஆள் தேடுகிறாள்.

அக்கா,
அருணாதேவி


பெங்களூர்
20-12-2007

அன்பு அக்காவுக்கு,

கம்பளி வாங்கிவிட்டேன். அம்மாவின் அதிரசத்துக்காக வாய் காத்திருக்கிறது.

உன் கடிதத்தை மூன்று பேரிடம் படித்துக் காட்டினேன். தம்ளர் இடத்தில் ஒருத்தன் கண்ணைத் துடைத்தான். ஆனால் அக்கா, பட்டியலைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே? எத்தனை பேர் கிடைத்தார்கள்? சகாதேவன் ஐயா என்ன சொன்னார்? அதற்காகத்தானே தினமும் தபால்காரரை எதிர்பார்த்துக் கிடந்தேன்!

உடனே எழுது.

வல்லரசு


வேங்கிக்கால்
27-1-2008

தம்பி வல்லரசுக்கு,

பொங்கலுக்கு நீ வராதது அம்மாவுக்குக் குறைதான். மற்றபடி நலம்.

பட்டியல் நன்றாகத்தான் இருந்தது. குழுவில் பழையபடி மைக்கே போதும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். நானும் இனிமேல் போவதாக இல்லை, கடையில் வேலை ஜாஸ்தி.

ஒன்று கேட்க வேண்டும், எனக்குத் தெரிந்த ஒருத்திக்காக. திரையில் ஒன்றைப் பார்த்துவிட்டு, சற்றுப் பொறுத்து மறுபடி பார்க்கும்போது அது வேறாகத் தெரிந்தால், கண்ணில் ஏதாவது நோயா? கண் டாக்டரிடம் காட்டியதில் ஒன்றுமில்லை என்கிறார்களாம். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. உங்கள் ஆபீசில் யாருக்காவது அப்படி உண்டா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பெங்களூர்
6-4-2008

அன்புள்ள அக்கா,

இரண்டு மாதத்துக்கு மேல் எழுதாமல் இருந்துவிட்டேன். கோபம்தான். தூக்கம் விட்டுச் செய்து கொடுத்ததை இப்படி 'மைக்கே போதும்' என்று ஒரு வரியில் தள்ளிவிட்டாளே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். நேற்றோடு அந்தக் கோபம் போய்விட்டது. இப்போது பயமாக இருக்கிறது.

நேற்று ஆபீசில் ஒரு பட்டியலில், பணம் கட்டத் தவறியவர்களின் வரிகளைச் சிவப்பாக்கும் வேலை. உருட்ட உருட்ட, ஒழுங்காகக் கட்டியவர் பெயரிலும் சிவப்பு விழுந்தது. மேலே போய்த் திரும்பி வந்தால் அங்கே வெள்ளை, சிவப்பு வேறு எவர் தலையிலோ. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒவ்வொரு வரியும் பிறக்கும்போது எனக்குச் சொல் என்று நிரலில் எழுதி ஓடவிட்டேன். பட்டியலில் ஐயாயிரம் பெயர். எத்தனை வரி பிறந்தது தெரியுமா? ஒரு டஜனுக்குச் சற்று மேல். அவ்வளவுதான்!

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது அக்கா. ஆயிரம் பேருக்கு ஆயிரம் வரி என்றுதானே நினைத்திருந்தேன்? இல்லை. திரையில் தெரிகிற அந்தச் சில வரிகளே எல்லோரையும் சுமக்கின்றன. மேலே ஒரு பெயர் மறையும்போது அந்த வரியே கீழே வந்து அடுத்த பெயரைத் தாங்கிக்கொள்கிறது. ஐயாயிரம் பேரையும் ஒரு டஜன் வரி ஓய்வில்லாமல் ஏற்றி இறக்குகிறது. இதை யோசித்தவன் காலில் விழலாம்.

ஆனால் கல்யாணப் பந்தியில் ஒருவர் எழுந்ததும் எச்சில் இலையை எடுத்துவிட்டுத்தானே அடுத்தவரை உட்கார வைப்போம்? நான் இலையை எடுக்கவில்லை. கிடைத்துவிட்டால் பச்சையாகு என்று எழுதினேன். கிடைக்காவிட்டால் வெள்ளைக்குத் திரும்பு என்று எழுதவே இல்லை. அதனால் ஒருவருக்கு விழுந்த பச்சை, கொட்டகைப் பெயரோடு, அடுத்து வருகிற எவருக்கோ ஒட்டிக்கொள்ளும். நான் சோதித்தது நம் தெரு ஆட்களை வைத்து. எல்லோரும் ஒரே திரையில் அடங்கிவிட்டார்கள், உருட்ட வேண்டியே வரவில்லை. பௌர்ணமியிலும் ஏழெட்டுப் பேர். தீபத்தன்று நூற்றுக்கணக்கில் இருந்திருப்பார்கள்.

அக்கா, பச்சை மாறி விழுந்ததா? உனக்குத் தெரிந்த அந்த ஒருத்தி யார்?

வல்லரசு


வேங்கிக்கால்
11-4-2008

என் தம்பிக்கு,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை. உன் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். படித்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்து அழுதேன். கடைக்காரர் யார் செத்தார்கள் என்று கேட்டார். யாரும் சாகவில்லை, என் கண் பிழைத்தது என்றேன்.

அந்த ஒருத்தி நான்தான்.

தீபத்தன்று மதியம் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இடுப்பில் குழந்தை. அவள் அம்மா திரௌபதியைக் காணவில்லை. அப்போதே பட்டியல் நீளமாகிவிட்டது, கொட்டகைகளிலிருந்து ஒரே ஒரு தகவல்தான் வந்திருந்தது. நான் உருட்டினேன். திரௌபதி பச்சை. பக்கத்தில் அடி அண்ணாமலைக் கொட்டகை என்று இருந்தது. "கெடச்சுட்டாங்கம்மா, போங்க" என்றேன். குதித்துக்கொண்டு ஓடினாள். சற்றுப் பொறுத்து மறுபடி உருட்டினேன். திரௌபதி வெள்ளை. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். வெள்ளைதான். எழுந்து ஓடினேன், அவளைக் கூட்டம் விழுங்கிவிட்டது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த நெரிசலில் பாதி மலையைச் சுற்றியிருக்கிறாள். அங்கே இருந்தது வேறு யாரோ ஒரு பாட்டி. திரும்பி வந்தவள் என்னைத் திட்டவில்லை. "ஏங்க கெடச்சுட்டாங்கன்னு சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள். சகாதேவன் ஐயா எல்லோர் முன்னாலும் சொன்னார்: "காது கேக்காதவங்கள உக்கார வெச்சா இப்படித்தான் ஆவும்னு அன்னிக்கே சொன்னேன்." கணினியை அணைத்துவிட்டார்கள். நான் மறுபடி தண்ணீர்ப் பானைக்குப் போனேன். நான் எழுதிய தம்ளர் அங்கேதான் நடுங்கியது. திரௌபதியம்மாளை விடிகாலையில் மகளே குபேர லிங்கத்துப் பக்கம் கண்டுபிடித்தாள். அதுவரை அவள் பட்ட பாடு என்னால் பட்டது என்று நினைத்தேன்.

உன்னிடம் சொல்லவில்லை. உன் வேலையில் குறை என்று ஒரு நிமிடம்கூட எனக்குத் தோன்றவில்லை, வல்லரசு. காது போன மாதிரி கண்ணும் போகிறது என்றுதான் நினைத்தேன். இந்த ஐந்து மாதமும் தெருவில் பஸ் நம்பரைக்கூட இரண்டு முறை படித்தேன். கதவைப் பூட்டிவிட்டுப் பூட்டைக் கையால் தடவிப் பார்த்தேன். அம்மாவின் முகத்தை அடிக்கடி உற்றுப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

அட முட்டாளே, ஒரு வரி எழுத மறந்து என்னைக் குருடியாக்கிவிட்டாயே! திட்ட வேண்டும் போலிருக்கிறது, கட்டிக்கொள்ளவும் வேண்டும் போலிருக்கிறது. ஒரு டஜன் வரி ஐயாயிரம் பேரைச் சுமக்கிறது என்றாயே, அதை நினைத்தால் எனக்கும் புல்லரிக்கிறது. மறந்த வரியை எழுதி அனுப்பு. சகாதேவன் ஐயாவுக்கு நீ எழுதாதே. நானே போகிறேன்.

கண் நன்றாகத் தெரியும்
உன் அக்கா


பெங்களூர்
20-4-2008

அக்கா,

நலம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெண்ணின் காலிலும் உன் காலிலும் விழ வேண்டும். சிடி இணைத்திருக்கிறேன். இந்த முறை இரண்டாயிரம் பெயர் போட்டு, விரல் வலிக்க உருட்டினேன். தீபத்துக்கு ஒரு மாதம் முன்பே லீவு சொல்லிவிடுவேன்.

வல்லரசு


வேங்கிக்கால்
18-12-2008

அன்புத் தம்பி வல்லரசுக்கு,

சுரம் விட்டதா? லீவு போட்டுவிட்டு, பஸ் ஏறுகிற அன்று சுரத்தில் படுத்த முதல் ஆள் நீதான். கஞ்சி குடி. அம்மா கோபமாக இல்லை, கவலையாக இருக்கிறாள். நீ பார்க்க வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

சகாதேவன் ஐயாவை எப்படிச் சம்மதிக்க வைத்தேன் என்று முழுதாகச் சொல்லவில்லையே. அவருடைய அரிசி மண்டிக்கே போனேன். "தப்பு என் காதுலயும் இல்லீங்க, கண்ணுலயும் இல்ல. என் தம்பி கைல இருந்துச்சு" என்றேன். "அத எப்படி நம்புறது?" என்றார். கவிநிலாவும் நானும் கணினியை அங்கேயே கொண்டுபோய் வைத்து, மண்டிக்கு வந்துபோகிற ஊரார் பெயரையெல்லாம் அவரையே சொல்லச் சொல்லி அடித்தோம். பழைய சிடியில் பச்சை தாவியதைப் பார்த்தார். புதியதில் தாவவில்லை. மனுஷன் நம்பாமல் மத்தியானச் சாப்பாட்டையும் விட்டு உருட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் என்னை நிமிர்ந்து பார்த்து, "எல்லார் முன்னாடியும் உன்ன சொல்லிட்டனேம்மா" என்றார். "எல்லார் முன்னாடியும் உக்கார வையுங்க" என்றேன்.

வைத்தார்.

தீபத்தன்று மதியம் செங்கத்திலிருந்து அப்பாசாமி என்று ஒரு பெரியவர் வந்தார். மனைவி ஜோதியம்மாளைக் காணவில்லை. மஞ்சள் சேலை, சர்க்கரை நோய், கையில் காசு கிடையாது. அடித்துக்கொண்டேன். அவர் நகரவே இல்லை, மேசைக்கு எதிரிலேயே நின்றார். என் முகம் அசையும் போதெல்லாம், "பச்சையா தாயி?" என்று கேட்டார். ஒவ்வொரு முறையும் வெள்ளை என்றேன். பொழுது சாயச் சாய இன்னும் அடிக்கடி கேட்க ஆரம்பித்தார். சகாதேவன் ஐயாவுக்கே மனம் தாங்கவில்லை. "இன்னொருவாட்டி நல்லா பாரும்மா" என்றார். போன வருடமாக இருந்தால் என் உயிரே போயிருக்கும். "பாத்துட்டேங்க. வெள்ளதான்" என்றேன். பொய்யாக ஒரு நல்ல செய்தி இனி என் வாயிலிருந்து வராது.

கூட்டம் முழுவதும் மலைப்பக்கம் திரும்பியது. சுடர் ஏறுகிற நேரம். அப்பாசாமியும் திரும்பிக் கைகூப்பினார். கொட்டகைகளிலிருந்து இந்த முறை எஸ்.எம்.எஸ். அனுப்பச் சொல்லியிருந்தோம். கவிநிலா மட்டும் தலையைக் குனிந்து தட்டிக்கொண்டிருந்தாள். நானும் மலையைப் பார்க்கவில்லை. மேசை அதிர்ந்தபோது தீபம் ஏறிவிட்டது என்று தெரிந்துகொண்டேன். அதே நேரத்தில், என் கண்ணெதிரே, ஜோதியம்மாள் பச்சையானாள். நிருதி லிங்கம் கொட்டகை.

நான் வாயைத் திறக்கவில்லை. கீழே உருட்டினேன். பச்சை அவளோடு மறைந்தது, வேறு ஒருவர்மேலும் விழவில்லை. மேலே உருட்டினேன். அவளோடு திரும்பி வந்தது. அந்தச் சில வரிகளும் எத்தனையோ பேரைச் சுமந்து இறக்கி, அவளை மட்டும் சரியாகக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தன. உடம்பெல்லாம் சிலிர்த்தது, வல்லரசு. மலையைக் கும்பிடுகிறவர்களுக்கு நடுவில் நான் திரையைக் கும்பிட்டேன். யார் சிரித்தால் என்ன.

எட்டிப் பெரியவரின் தோளைத் தொட்டேன். திரும்பினார். சொன்னேன். அவர் காதைக் காட்டிக் கையை விரித்தார். அத்தனை லட்சம் பேர் எழுப்பிய சத்தத்தில் அங்கே ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? குனிந்து என் உதட்டைப் பார்த்தார். நான் அவசரப்படாமல், ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.

"கெ-ட-ச்-சு-ட்-டா-ங்-க."

உன் அக்கா,
அருணாதேவி